சீமாட்டியின் மடிச் சத்தம்

முதலில் இரைச்சல்தான் வந்தது. மழைக்கு முந்தி ரேடியோப் பெட்டி கரகரக்குமே, அந்த மாதிரி. சூசையம்மாள் எருமையின் நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்த டாக்டர் பெண் மோகனப்பிரியா, சோப்புக்கட்டி அளவிலிருந்த கருவியில் வழுவழுவென்று எதையோ தடவி, எருமையின் தொடையும் மடியும் சேருகிற இடுக்கில் வைத்து நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தாள். கருவியிலிருந்து ஓடிய வயர், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேலிருந்த பெட்டிக்குள் போயிற்று. "இன்னைக்குச் சத்தத்தைத் தெறந்தே வைக்கிறேன்மா. ரத்தம் ஓடுறது உங்களுக்கும் கேக்கட்டும்" என்று அந்தப் பெண் சொன்னதிலிருந்து சூசையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரத்தம் ஓடுவது கேட்குமாம். வெட்டிக்கொண்டால் சொட்டும், நகக்கண்ணில் முள் ஏறினால் விண்விண்ணென்று தெறிக்கும், அவ்வளவுதான் ஐம்பத்தெட்டு வயதுக்கு அவளுக்கு ரத்தத்தைப் பற்றித் தெரிந்தது. அதற்குச் சத்தம் உண்டா? காலையில் எருமை சீமாட்டியைக் குளிப்பாட்டும்போது ஒரே காதை இரண்டு தடவை தேய்த்தாள், மகன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பேப்பர் வாங்கப் போன காலையில் ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்த மாதிரி. அந்த மகன் இருதயராஜ் இப்போது முப்பத்திரண்டு வயது ஆளாக எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத் தேடுங்க டாக்டர், சீமாட்டிக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்கிறான். பேச்சில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இல்லை. முகத்தைப் பார்க்காதே சூசை, சத்தத்தைக் கேள். கரகரப்புக்குள்ளிருந்து திடீரென்று ஒன்று எழுந்து வந்தது: உஷ்ஷ்... உஷ்ஷ்... உஷ்ஷ்.

அய்யோ இதுவா, இதுதானா? சொட்டுநீர்க் குழாயில் காற்றெல்லாம் போய்த் தண்ணீர் முட்டிக்கொண்டு வருமே, அந்தச் சத்தம். இல்லை, இது தண்ணீரைவிடக் கனமாக இருந்தது. கூழ் கொதிக்கிற மாதிரி? அதுவும் இல்லை. யாரோ நடந்து வருகிற மாதிரி, ஈரச்சேலை கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை அவசரமில்லாமல் நடந்து வருகிற மாதிரி. முதல் தடவை வந்தபோது டாக்டர் பெண் சொன்னது ஞாபகம் வந்தது, ஒரு லிட்டர் பால் ஊறுவதற்கு நானூறு ஐந்நூறு லிட்டர் ரத்தம் மடி வழியாகப் போய்த் திரும்ப வேண்டும் என்று. அன்றைக்கு அடுப்படியில் போய் நின்று, அரை டம்ளர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் குடித்தாள். இத்தனை காலம் எவ்வளவு ரத்தத்தை வாளி வாளியாகக் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்றியிருக்கிறோம். அப்புறம் அதே நினைப்பு தன் பக்கம் திரும்பியது, கேட்க ஆளில்லாத நினைப்பு. மூன்று பிள்ளைகளுக்குத் தானும் கொடுத்தாளே, இருதயராஜுக்கு மட்டும் இரண்டரை வருசம், அப்போது தன்னுள்ளேயும் இப்படித்தான் ஒருத்தி ஈரச்சேலையோடு நடந்து நடந்து போனாளா? பெட்டி வைத்துக் கேட்க யாரும் வரவில்லை. எடைகூட விளையாட்டுக்குத்தான் பார்த்தது. எட்டாம் மாசத்தில் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குச் சோறு கொண்டுபோனபோது, "வா, நீ எத்தனை அச்சு வெல்லம்னு பாப்பம்" என்று வீட்டுக்காரர் வெல்லத் தராசில் ஏற்றிவிட்டு, இந்தப் பக்கம் படிக்கல்லை வைத்துக்கொண்டே போனார். அந்தரத்தில் ஆடிக்கொண்டு, காலடியில் வெல்லப்பாகு வாசனை, வயிற்றுக்குள் இவன் ஒரு உதை. "உள்ள ஆலையை உருட்டறான் பாரு" என்று அவர் சிரித்தது, ஆலைக்காரர்கள் சிரித்தது. என்ன எடை என்று சொன்னார்கள், மறந்துவிட்டது. சிரிப்பு மறக்கவில்லை.

சீமாட்டி பின்னங்காலைத் தூக்கி வைத்தது. "அசையாமப் புடிச்சு நிறுத்துங்கம்மா, மாடு நகந்தா சத்தம் போயிருது" என்று டாக்டர் பெண் சொல்லி வாய் மூடுவதற்குள் சூசையம்மாளின் இடது கை தானாக இடுப்புச் சொருகலுக்குள் போய் செபமாலையை எடுத்துவிட்டது, உதடு தானாக ஆரம்பித்துவிட்டது. மங்கள வார்த்தை. மாதாவுக்குச் சொல்லுகிற அந்தச் சின்னச் செபம், மாலையில் மணிக்கு ஒன்றாகப் பத்து தடவை. சத்தமில்லை, எருமையின் காதுக்கு மட்டும் எட்டுகிற முணுமுணுப்பு. இது பக்தியா பழக்கமா என்று சாமியார் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சீமாட்டியை இந்த முணுமுணுப்பு இல்லாமல் அவள் கறந்ததே இல்லை, போன ஈத்திலிருந்து. போன ஈத்து. வேண்டாம், அங்கே போகாதே. போயிற்று. மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில், கன்று வந்தது. நக்கி நக்கிப் பார்த்தும் அது எழவில்லை. பத்து மாசம் சுமந்ததில் பாதியளவுகூட இல்லாமல், நனைந்த சாக்கு மாதிரி. உள்ளேயே மெலிந்து மெலிந்து போயிருக்கிறது, யாருக்குத் தெரியும், யார் பார்த்தார்கள். கன்று இல்லாமல் எருமை பால் இறக்காது, அதனால் தோலை உரித்து வைக்கோலைத் திணித்து நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். எருமை அதை நக்கும், நக்கிக்கொண்டே சுரப்பு விடும். கத்தியோடு ஆள் வந்தும் விட்டான். சூசையம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள், அவள் வாழ்நாளில் அப்படி நின்றது அது ஒன்றுதான். "பொம்மையைக் காட்டி அதை ஏமாத்தி என்ன பாலு" என்றாள். "அப்ப நீயே கன்னாப் போயி நில்லு" என்றான் இருதயராஜ் எரிச்சலில். சரி என்று போய் நின்றாள். வாளியை வைத்துவிட்டு, மடியில் கை வைக்காமல், வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு செபமாலை சொன்னாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நாலாவது பத்து சொல்லும்போது காம்பு விறைத்தது, பால் இறங்கியது. அன்றிலிருந்து மங்கள வார்த்தையின் முதல் பாதியை அவள் சொல்வாள். மறு பாதியை வீட்டில் ஆள் இருந்தால் ஆள் சொல்ல வேண்டும், முன்பெல்லாம் வீட்டுச் செபத்தில் அவர் இருந்தவரை அவர் சொன்னார், செத்துப்போன பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செபத்துக்கு வருவதை விட்டார்கள். மறு பாதி நேரத்தில் சீமாட்டி நீளமாக ஒரு மூச்சு விடும். அது போதுமென்று இருந்தது.

உஷ்ஷ்... உஷ்ஷ்... அது நன்றாகத்தான் ஓடுகிறது, டாக்டர் பெண் ஏன் இன்னும் நோட்டைத் தொடவில்லை? இது மூன்றாவது தடவை. சினை எருமைகளுக்கு மடியில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, எடை எப்படிக் கூடுகிறது என்று மாசம் ஒரு தரம் வந்து பார்த்து எழுதுகிற படிப்பு அந்தப் பெண்ணுக்கு. பன்னிரண்டு எருமைகளில் சீமாட்டியும் ஒன்று. ஏழு மாசம் முடிந்து வந்தபோது நிமிசத்துக்கு ரெண்டேகால் லிட்டர். கரும்பு மில்லு எடைமேடையில் நிறுத்தி ஐந்நூற்று அறுபது கிலோ. அந்தப் பெண் குதித்துவிட்டாள், "பன்னெண்டுல உங்க எருமைதாம்மா ராணி" என்று. அடுத்த மாசம் அவள் வந்த தேதியில் சூசையம்மாள் ஊரில் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள், கோயில் பஸ்ஸில், இந்தக் கன்றுக்காகவே நேர்ந்துகொண்டு. அங்கே மணலில் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே இருதயராஜ் எருமையைப் பிடித்திருக்கிறான். ஒண்ணரை லிட்டர். ஐந்நூற்று நாற்பது கிலோ. ரத்தமும் இறங்கி எடையும் இறங்கியிருக்கிறது. வீட்டு வாசலில் பையை இறக்கி வைக்கும்போதே சொன்னான். "மாதாகிட்ட நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க போல" என்று வேறு சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். டாக்டர் பெண் போனில் பேசினாள், சினை ஏற ஏற ரெண்டும் ஏறத்தான் வேணும், இறங்கிக்கொண்டே போனால் கன்று உள்ளே வளரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், பெரிய டாக்டரைக் கூட்டிவந்து பார்த்துவிட்டு ஊசி போட்டு முன்னாலேயே வெளியே எடுக்கிறதா என்று யோசிக்கலாம் என்று. முன்னால் எடுத்தால் கன்று பிழைக்குமா என்று கேட்டதற்கு, "அதப் பாத்துத்தான் சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டாள். இருதயராஜுக்கு அது போதுமாக இருந்தது. "ரெண்டாந்தரமும் செத்த கன்னைப் பாக்க எனக்கு முடியாதும்மா. இன்னைக்கும் எறங்கியிருந்துச்சுன்னா புதங்கிழமை சந்தைக்கு ஏத்தி வுட்டுருவேன். நீங்க குறுக்க நிக்கக் கூடாது." அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

மூன்றாம் மணி. நாலாம் மணி. அஞ்சாம் மணி. பெட்டியின் சத்தம் மாறிக்கொண்டு வந்தது. நடந்து வந்தவள் எட்டி வைக்கிறாள், ஓட்டமும் நடையுமாக வருகிறாள். உஷ் உஷ் உஷ் என்று நெருங்கிவிட்டது. "அட, ஏறுதும்மா! நல்லா ஏறுது!" என்றாள் டாக்டர் பெண். சூசையம்மாள் சந்தோசத்தில் நிமிர்ந்து பெட்டியைப் பார்க்க, ஆறாம் மணியில் வாய் நின்றது. எருமையின் காதைத் தடவினாள். கண்ணைத் துடைத்தாள். மாதாவே, தாயே. சத்தம் தளர்ந்தது. "ஏன், இறங்குதே? கை நகந்துட்டனா?" கருவியைச் சரிசெய்தாள், இடம் மாற்றவில்லை. தளர்ந்துகொண்டேதான் போயிற்று. பயத்தில் சூசையம்மாள் விட்ட மணியைப் பிடித்து மறுபடி ஆரம்பிக்க, ரெண்டு மூன்று தடவை சொல்வதற்குள் மறுபடி ஓட்டம். நின்றாள், தளர்ந்தது. சொன்னாள், ஏறியது. அந்தக் கட்டுத்தரையில் ஈ பறந்துகொண்டிருந்தது, பருத்திக்கொட்டை வாசனை அடித்துக்கொண்டிருந்தது, பால் வண்டிக்காரன் தெருமுனையில் ஹாரன் அடித்துப் போனான், ஒன்றும் நடக்காத மாதிரி. என்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது. என் வாயைக் கேட்டு. கறக்க வருகிறாள், கன்று வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரத்தத்தை மடிக்கு அனுப்புகிறது, பைத்தியம், பால் வற்றிப்போன மடிக்கு. அப்படியென்றால் முதல் தடவை? முதல் தடவை நெற்றியைப் பிடித்துக்கொண்டு முழுக்க முழுக்கச் செபம் சொன்னாள். ரெண்டேகால். இரண்டாம் தடவை அவள் இல்லை. ஒண்ணரை.

வேளாங்கண்ணியில் இருந்தேன். மண்டிபோட்டு நகர்ந்தேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும், இரண்டையும் பல்லுக்கு உள்ளே வைத்துக்கொண்டாள். "அம்மா, இத ஏத்துக்க முடியாது, ஏறி எறங்கி நிக்குது. அசையாம ஒரு பத்து நிமிசம் கொடுங்க, ஒரே சீரா எடுத்து அதைத்தான் எழுதப்போறேன்" என்றாள் டாக்டர் பெண். பத்து நிமிசம். வாய் திறந்தால் ராணி. ரெண்டேகால் என்ன, ரெண்டரையே வரும், கை நிறைய மணி இருக்கிறது, அக்டோபர் மாசம் வேறு, செபமாலை மாசம், யார் தப்புச் சொல்வார்கள்? இருதயராஜ் பெருமூச்சு விட்டு வாலை விடுவான், புதன்கிழமை வெறும் புதன்கிழமையாகப் போகும். செபம் சொல்வது களவா? ஊரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் உள்ளே அது மெலிந்துகொண்டு இருந்தால்? நனைந்த சாக்கு மாதிரி. நான் மேலே நின்று மணி உருட்டி நம்பரை ஏற்றிக்காட்ட, கீழே அது ஒடுங்கி ஒடுங்கி, யாருக்குத் தெரியும், யார் பார்த்தார்கள் என்று இன்னொரு தடவை சொல்வதா? வைக்கோல் கன்று வேண்டாம் என்று கதவில் நின்றவள்தானே நீ. இப்போது உன் செபத்தில் வைக்கோலைத் திணித்து நிறுத்துவாயா? கட்டைவிரலை ஆறாம் மணியில் அழுத்தி நிறுத்தினாள். வாயை மூடினாள். சாமி, மாதாவே, உன்னைக் கூப்பிடாமல் இருக்க எனக்கு உதவி செய். இதுவும் கூப்பிடுகிறதுதானே. உதடு அசைந்ததா? இல்லை. இனிமேல் உள்ளேயும் வேண்டாம், உள்ளே ஓடினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் சீமாட்டிக்குத் தெரிந்துவிடும், அதற்கு எல்லாம் தெரியும்.

செபம் சொல்லாமல் நிற்பது என்ன வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு ஒவ்வொரு பக்கமாக ஓடி ஒவ்வொரு பக்கமும் மாதா காலில் போய் முட்டியது. வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்போம், அஞ்சாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து, பன்னிரண்டாம் வாய்ப்பாடு. பத்துப் பன்னிரண்டு நூற்றிருபது. பத்து என்றதும் பத்து மணி. வேண்டாம். கருவாட்டுக் குழம்பு. புளி கரைத்து, சின்ன வெங்காயம், கத்திரிக்காய், இன்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றால் செபமாலையில் துக்க தேவரகசியம்... வேண்டாம். திருப்பூரிலிருக்கும் மகள் ஜெசிந்தாவுக்குப் போன் போட வேண்டும். அவள் எடுத்ததும் "ஸ்தோத்திரம்மா" என்பாள். அய்யோ, ஒரு இடம்கூட இல்லையா ஒளிய? சீமாட்டி அவளைப் பார்த்தது. கருநீலத்தில் பெரிய கண், அதற்குள் அவள் சின்னதாக. என்ன, நிறுத்திவிட்டாய், என்று கேட்கிற மாதிரி. அவள் நெற்றியை நெற்றியில் வைத்தாள், பேசவில்லை. எடையை நினைப்போம், நம்பரில் சாமி இருக்காது. ஐந்நூற்று அறுபது, ஐந்நூற்று நாற்பது. இருபது கிலோ எங்கே போயிற்று? முதல் தடவை எடை போட்டது மில்லு ஓடாத மாசம், எடைமேடை சும்மா கிடந்தது. இரும்புத் தகட்டில் குளம்பு பட்டதும் டங்கென்று அதிர, சீமாட்டி மாட்டேனென்று பின்வாங்கியது. அப்போது அவள்தான் முதலில் ஏறி நின்று, வா ராசாத்தி வா என்று நெற்றியைப் பிடித்து ஏற்றினாள், பிடித்த கையை விடவில்லை. விட்டால் இறங்கிவிடும். டாக்டர் பெண் வண்டிப் பக்கம் போனில் நின்றாள். கண்ணாடி அறையிலிருந்த மில்லுக்காரருக்கு எருமையின் முதுகுதான் தெரியும், அந்தப் பக்கம் நின்ற குட்டைப் பொம்பளை எங்கே தெரிவாள்? ஐந்நூற்று அறுபது என்று கத்தினார். அவள் ஸ்தோத்திரம் என்று சொல்லி இறங்கினாள், எருமையோடு. மறுமாசம் இருதயராஜ் கயிற்றை நீளமாக விட்டு வெளியே நின்றானாம், "நான் ஒரு காலைக்கூட மேல வெக்கலம்மா, சுத்தமா எடுத்தோம்" என்று அவனே சொன்னானே. எருமையோடு சேர்ந்து நானும் நின்றேன். ரத்தத்திலும் நான், எடையிலும் நான். போன தடவை இறங்கினது சீமாட்டி இல்லை, நான்.

கத்த வேண்டும்போல் இருந்தது. தாவணிப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் அந்த டாக்டர் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வாய் திறக்கக் கூடாது. எத்தனை நிமிசம் ஆயிற்று? உஷ்ஷ்... உஷ்ஷ்... அவசரமில்லாமல், ஒரே சீராக, ஈரச்சேலைக்காரி நடந்துகொண்டே இருந்தாள். யாரும் கூப்பிடாமல், தன் பாட்டுக்கு. கூப்பிடாத போதும் வருகிறவள். அந்த நடையை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கேட்கக் கேட்க, தன்னுடைய முணுமுணுப்புக்கு முன்னாலிருந்தே இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, முணுமுணுப்பு நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும், தான் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொன்னவள், அவ்வளவுதான் என்று தோன்றியது. பயம் எங்கேயோ இறங்கிப்போயிருந்தது, எப்போது என்று தெரியவில்லை. "ஆச்சுங்க" என்றாள் டாக்டர் பெண். பெட்டியில் விரல் ஓடியது. நோட்டைப் புரட்டினாள். இருதயராஜ் வாலை விட்டுவிட்டு அந்த நோட்டுக்கு மேல் குனிந்தான். "ஒண்ணே முக்காலுக்கு மேல. ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. போன மாசத்துக்கு ஏறியிருக்கு. ஆனா முத மாசத்துக்கு எறக்கந்தான். எனக்கே புரியலம்மா, நடுவுல ஏறி ஏறி எறங்குச்சே, அது என்னன்னு..." "நாந்தாங்க" என்றாள் சூசையம்மாள்.

"என்னது?" "நாந்தாங்க ஏத்தி எறக்குனது. வேணும்னு இல்லீங்க. செபஞ்சொன்னேன், ஏறுச்சு. நிறுத்துனேன், எறங்கிப்போச்சு. முத மாசம் பூராவுஞ் சொன்னேன். போன மாசம் நா ஊருல இல்லீங்க. இப்பக் கடசீல எடுத்தப்ப சொல்லல, சத்தியமாச் சொல்லல, கருவாட்டுக் குழம்பை நெனச்சுக்கிட்டு நின்னேன்." மூச்சு வாங்கியது. "அப்பறம் எடையுந் தப்புங்க. முத மாசம் எடைமேடையில நானுஞ் சேந்து நின்னேன். ஆரும் எறங்கச் சொல்லல, நானும் எறங்கல." டாக்டர் பெண் அவளையே பார்த்தாள், பிறகு எருமையைப் பார்த்தாள். கையிலிருந்த கருவியைத் துடைக்க மறந்து மடியில் வைத்ததில் சுடிதாரெல்லாம் பசை. "உங்க எடை என்னம்மா?" "சர்க்கரை மாத்திரை வாங்கப் போனப்ப நர்சம்மா நாப்பத்தாறுன்னு எழுதுனாங்க." அந்தப் பெண் நோட்டில் ஓரமாகக் கழித்துப் பார்த்தாள். "ஐந்நூத்திப் பதினாலு. அப்பறம் ஐந்நூத்தி நாப்பது. இறங்கலைங்க. இருபத்தாறு கிலோ ஏறியிருக்கு." இன்னொரு தரம் கழித்துப் பார்த்தாள். "செபம் இல்லாத ரெண்டு மாசத்தை மட்டும் வெச்சா ரத்தமும் ஏறியிருக்கு. ஒண்ணரையிலருந்து கிட்டத்தட்ட ரெண்டு. மத்த எருமைங்களும் இப்படித்தான் போகுது. கன்னு வளருதும்மா." இருதயராஜ் நோட்டை வாங்கி அந்தக் கழித்தலைத் தானும் ஒரு தரம் போட்டுப் பார்த்தான். அப்புறம், "அப்ப எங்கம்மாவையுஞ் சேத்துத்தான் சினைன்னு எழுதி வெச்சிருந்தீங்களா டாக்டர்?" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான் என்று சூசையம்மாள் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டர் பெண், கருவியில் மறுபடி பசையைத் தடவிக்கொண்டே. அவசரத்தில் ஒரு சொட்டு கீழே விழுந்தது. "சும்மா இருக்கறப்ப ஒரு தரம் எடுத்தாச்சு. நீங்க சொல்றப்ப ஒரு தரம் எடுக்கணும். இதை எழுதியே ஆகணும்." "என்னன்னு எழுதுவீங்க கண்ணு?" "கறக்கற நேரத்துக்குப் பழகுன சத்தம்னு." "செபம்னு எழுத மாட்டீங்களா?" அந்தப் பெண் நோட்டு ஓரத்தைப் பார்த்தாள். "அடைப்புக்குறிக்குள்ள போடறேன்" என்றாள். சரி, அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும், மாதா அதைவிடச் சின்ன இடத்திலெல்லாம் இருந்திருக்கிறாள். சூசையம்மாள் எருமையின் நெற்றியில் கையை வைத்தாள். கட்டைவிரல் இன்னும் ஆறாம் மணியிலேயே இருந்தது, அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது. அங்கிருந்து ஆரம்பித்தாள். ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் வீட்டுப் பேச்சுப் பேசுகிற மாதிரி. முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள், பழக்கப்படி, சீமாட்டி மூச்சு விடட்டும் என்று. மூச்சுக்குப் பதில் ஆள்குரல் வந்தது. இருதயராஜ் எருமையின் வலது விலாவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். எப்போது அங்கே போனான், எப்போது கை வைத்தான்? அந்தக் கைக்குக் கீழே உள்ளேயிருந்து ஏதோ முட்டியது போல, முகம் அப்படியே நின்றுவிட்டது, வாய் மட்டும் மறு பாதியைச் சொன்னது. வருசக் கணக்காகச் சொல்லாத வாயில் ஒரு வார்த்தை முன்பின்னாக விழுந்தது. அவள் திருத்தவில்லை. ஏழாம் மணிக்கு விரலை நகர்த்தினாள். அவள் பாதி, அவன் பாதி. எட்டு. பெட்டிக்குள் சத்தம் எட்டி வைத்தது, ஓட்டமும் நடையுமாயிற்று. டாக்டர் பெண் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பேனாவைத் திறக்கவே இல்லை. ஒன்பது. சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டது. ஈரச்சேலைக்காரி வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி, உஷ் உஷ் உஷ் என்று அந்தக் கட்டுத்தரை முழுக்க ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.